அக்காவின் இங்கிலீஷ் வியாதிகள்

என் ஸ்டெல்லாக்காவுக்கு, நீ எங்கே இருந்தாலும் அங்கே வலியில்லாமல் இரு.

உன் இரண்டாம் வருஷ நினைவுப் பூசை போன ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. தஞ்சாவூரிலிருந்து உன் ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். ஆளுக்கொரு மெழுகுவத்தி கொண்டுவந்ததில் உன் கல்லறையில் வைக்க இடமில்லை. கடைசி நான்கு மாதம் உன்னைக் குளிப்பாட்டித் தலை வாரிவிட்டவள் நான். மூன்றாவது வரிசையில் நின்று எட்டிப் பார்க்க வேண்டியதாயிற்று. சாப்பாடு பரிமாறும்போது பாதிப் பேர் என்னிடம், "நீங்கதான் ஸ்டெல்லா சிஸ்டரோட தங்கச்சியா?" என்று கேட்டார்கள். எனக்கு ஐம்பது வயது ஆகப் போகிறது. மூன்று மா நிலத்தை நின்று பார்க்கிறேன். ஊரில் இன்னும் எனக்கு அதுதான் பேர்.

உண்மையைச் சொல்கிறேன், வயிறு எரிந்தது. நீ இருந்திருந்தால் அதற்கும் ஓர் இங்கிலீஷ் பேர் சொல்லியிருப்பாய்.

அப்பாவின் வயிற்றில்தான் இது ஆரம்பித்தது, இல்லையா அக்கா? நமக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்தே அவருக்கு வயிறு சரியில்லை. பண்ணை வேலைக்குப் போன காலத்தில் காலையில் நீராகாரத்தோடு இறங்கினால், மத்தியானச் சோறு எப்போது என்பது பண்ணையார் மனசைப் பொறுத்தது. "வயித்துக்குள்ள யாரோ அடுப்பு மூட்டுறாங்க" என்பார். சீரகத்தை வறுத்துத் தண்ணீர் போட்டுக் கொடுப்பேன். கஞ்சியை மசித்து வடிகட்டிக் கொடுப்பேன். வாந்தி எடுத்தால் நெற்றியைப் பிடித்துக்கொள்வேன். வருஷக்கணக்காக இப்படியே ஓடியது.

நீ நர்ஸ் படிப்பு முடித்து வேலையில் சேர்ந்த முதல் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாய். அவரைப் படுக்கவைத்து மேல்வயிற்றை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தாய். "இது காஸ்ட்ரைட்டிஸ்ப்பா" என்றாய்.

அவ்வளவுதான். மறுநாள் டீக்கடையில், நடவுக்கு ஆள் சொல்லப் போன இடத்தில், வாய்க்காலில் தண்ணீருக்கு முறை காத்துக் கிடந்த இடத்தில், எல்லா இடத்திலும் அப்பா அதையே சொன்னார். "எனக்கு இருக்கறது காஸ்ட்ரைட்டிஸ். பெரிய பொண்ணு தொட்டுப் பாத்தே சொல்லிச்சு." என் கஞ்சியைப் பற்றி யாரிடமும் அவர் பேசியதில்லை. கஞ்சியைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

அதற்கப்புறம் நீ வருகிற ஞாயிறெல்லாம் நம் வீட்டு வாசலில் ஆள் நின்றது. மூலம் என்று கூச்சப்பட்டுக்கொண்டு வந்தவர் ஹெமராய்ட்ஸ் என்று தலை நிமிர்ந்து போனார். குடலிறக்கம் ஹெர்னியா ஆனது. மேலத்தெரு ராயப்பண்ணன் குடித்துக் குடித்து வயிறு பானை மாதிரி வீங்கி வந்தபோது, நீ அவர் பெண்டாட்டியைத் தனியாக அழைத்து, "சிரோசிஸ் மாதிரி தெரியுதுக்கா, ஒடனே தஞ்சாவூருக்குக் கொண்டாங்க" என்றாய். அந்தக்கா அந்தச் சொல்லை வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனதைப் பார்த்தேன். வந்தவர்களுக்கெல்லாம் காப்பி போட்டுக் கொடுத்தவள் நான்தான். டம்ளரைக் கழுவியவளும் நான்தான்.

பத்தாவதில் இங்கிலீஷில் உன்னைவிட எனக்குப் பதினோரு மார்க் அதிகம். இதை உன்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. நான் பத்தாவது முடித்த வருஷம் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. நீ அப்போது திருச்சியில் நர்ஸ் படிப்பில் இரண்டாம் வருஷம். யாரையாவது வீட்டில் நிறுத்த வேண்டும் என்றால் இன்னும் வெளியே கால் வைக்காதவளைத்தான் நிறுத்துவார்கள். யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. சண்டை போடுவதற்குக்கூட ஆள் இல்லை.

உன் நோட்டை நான்தான் எடுத்தேன். பச்சை அட்டை போட்ட லாங் சைஸ் நோட்டு. "பிலோ, என் நோட்டு ஒண்ணு பரண்ல இருந்துச்சே, பாத்தியா?" என்று நீ கேட்டபோது, அது அரிசி டிரம்முக்கு அடியில் இருந்தது. "நான் என்னத்தக் கண்டேன்" என்றேன். அம்மா போன பிறகும், கல்யாணமாகி அதே தெருவில் குடிபோன பிறகும், அந்த நோட்டை நான் விடவில்லை.

அதில் வயிற்றுப் பகுதி இருபத்திரண்டு பக்கம். உன் கையெழுத்து சாய்ந்து சாய்ந்து போகும். இங்கிலீஷ் சொல், அதற்குக் கீழே சின்னதாகத் தமிழ். ஹெப்படைட்டிஸ், கல்லீரல் அழற்சி. கோலிசிஸ்டைட்டிஸ், பித்தப்பை அழற்சி. பேன்கிரியடைட்டிஸ், கணைய அழற்சி. கணையம் என்று ஒன்று உடம்பில் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். டிஸ்பேஜியா என்றால் விழுங்கக் கஷ்டம். மெலீனா என்றால் கறுப்பாகப் போவது. நாற்று பறிக்கும்போது முடிச்சுக்கு ஒரு சொல்லாக மனசுக்குள் சொல்லுவேன். ஒரு பக்கத்தின் ஓரத்தில் சிவப்பு மசியில் எழுதியிருந்தாய்: 'ஐட்டிஸ் என்று முடிந்தால் அழற்சி. ஓமா என்று முடிந்தால் கட்டி.' அதைப் படித்த நாள் எனக்குப் பூட்டுக்குச் சாவி கிடைத்த மாதிரி இருந்தது. இவ்வளவுதானா இவள் வித்தை என்றுகூட நினைத்தேன்.

ஒரு தடவை வாய் தவறியது. எதிர்வீட்டு லூர்து, நாலு நாளாகச் செரிக்கவில்லை, ஏப்பமாக வருகிறது என்றாள். "இது டிஸ்பெப்சியா" என்று சொல்லிவிட்டேன். அந்த ஞாயிறு அவள் நேராக உன்னிடம் வந்து, "ஒன் தங்கச்சி டிஸ்பெப்சியாங்குது, அப்படியா?" என்று கேட்டாள். நீ சிரித்தாய். "பிலோவா? எங்கயாவது காதுல விழுந்திருக்கும், இங்க வந்து அவுத்து விடுது." லூர்தும் சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். நீ கெட்ட மனசோடு சிரிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். நான் சொன்னது சரியா தப்பா என்பதையாவது சொல்லியிருக்கலாம். அதற்கப்புறம் உன் சொல் எதையும் நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. படிப்பதை மட்டும் விடவில்லை.

நீ கடைசியாக லீவு போட்டுவிட்டு வந்தது தை மாதம். நம் வயலில் சம்பா அறுப்பு, மிஷின் இறங்கியிருந்தது. ஆட்டோவிலிருந்து நீ இறங்கியதும் வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியதைப் பார்த்தேன். உன்னோடு உன் வீட்டுக்காரர் இல்லை. "மாமா வரலியாக்கா?" என்றேன். "அவருக்கு டூட்டி. நான் பதினஞ்சு நாள் ஒங்கூடத்தான்" என்றாய். இரண்டு வாய்க்கு மேல் உனக்குச் சோறு இறங்கவில்லை. கஞ்சியை மசித்துக் கொடுத்தேன், குடித்தாய். "ஒன் கைக்கு இது இறங்குதுடி" என்றாய்.

அக்கா, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. நீ மெலிந்துபோய் என் அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறாய், எனக்குச் சந்தோஷம். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக உனக்கு நான் தேவைப்பட்டேன்.

"என்னக்கா பண்ணுது?" என்று கேட்டபோது, "வயித்துப் புண்ணுடி, ஆறிடும்" என்றாய். எனக்கு அங்கேதான் இடித்தது. ஊரில் யாருக்கு வயிற்றுப் புண் வந்தாலும் பெப்டிக் அல்சர் என்று சொல்கிறவள் நீ. உனக்கு வந்ததும் எப்படி அது புண்ணாகப் போயிற்று?

நான்காம் நாள் மத்தியானம் நீ பின்கட்டில் படுத்திருந்தாய். "பையில மாத்திரை இருக்குது, எடுத்தாடி" என்றாய். புடவைக்கு அடியில் ஒரு ஃபைல் இருந்தது. பிரித்தேன். எண்டோஸ்கோப்பி படம், அதன் பின்னால் பயாப்சி ரிப்போர்ட். ஸ்டொமக் என்று இருந்தது. அடுத்த சொல் நீளமாக இருந்தது. எழுத்துக்கூட்டி முன்னாலிருந்து போகவில்லை நான். முதலில் கடைசியைப் பார்த்தேன். ஓமா.

உடனே அழுகை வந்தது என்று சொன்னால் பொய். முதலில் வந்தது கோபம். ஃபைலில் மாமா கையெழுத்து இருந்தது. உன்னோடு வேலை பார்க்கும் சிஸ்டர்கள் ரத்தம் எடுத்திருக்கிறார்கள், அவர்கள் பேர் இருந்தது. அத்தனை பேருக்கும் இங்கிலீஷில் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் தமிழா? எனக்கு மட்டும் புண்ணா? மாத்திரையை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன். தண்ணீரும் கொடுத்தேன்.

அன்றைக்கே அரைமணி நேரத்தில் சாப்பிட உட்கார்ந்தோம். அப்பா, நீ, நான். என் வீட்டுக்காரர் அறுப்பு வயலில் இருந்தார். அப்பாதான் பேச்சை எடுத்தார். "பிலோ, அவளுக்கு மோர் ஊத்திக் குடு. புண்ணுக்குக் குளிர்ச்சி."

"எந்தப் புண்ணு?" என்றேன்.

நீ நிமிர்ந்து பார்த்தாய். "வயித்துப் புண்ணுதான்டி."

"அதான் என்ன புண்ணுன்னு கேட்டேன்."

"ஒனக்குச் சொன்னாப் புரியாது, விடு."

"அடினோகார்சினோமா" என்றேன். "ஸ்டொமக்ல." ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னேன். இருபத்தைந்து வருஷமாக உள்ளுக்குள்ளேயே சொல்லிப் பழகிய வாய்.

நீ எடுத்த கவளம் பாதியில் நின்றது. அப்பா என்னையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்து, "என்னது அது? அடினோ?" என்றார். அப்போதுதான் நான் என்ன காரியம் செய்தேன் என்று எனக்கு உறைத்தது. எழுபத்தெட்டு வயது மனுஷர், சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருக்கிறார். அடுத்த சொல்லை நான் தமிழில் சொன்னால் அவர் அங்கேயே சரிந்துவிடுவார்.

நீதான் சமாளித்தாய். கவளத்தை வாயில் போட்டு மென்று விழுங்கிவிட்டு, "புண்ணுதான்ப்பா. இங்கிலீஷ்ல அப்படித்தான் சொல்லுவாங்க. பிலோ சரியாத்தான் சொல்லுது" என்றாய்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "ஒனக்கும் இதெல்லாம் தெரியுமா?"

அந்தப் பார்வையை எத்தனை வருஷமாக எதிர்பார்த்திருந்தேன் தெரியுமா? பெரிய பொண்ணு, பெரிய பொண்ணு என்று ஊரெல்லாம் சொல்லும்போது அவர் கண்ணில் இருக்குமே, அதே பார்வை. அதை எந்த நேரத்தில், எதைக் கொடுத்து வாங்கினேன் பார்த்தாயா? "கொஞ்சம் தெரியும்ப்பா" என்று சொல்லிவிட்டு, மோர் எடுக்கிற சாக்கில் உள்ளே போய் நின்றேன்.

சாயந்திரம் போர்செட் தொட்டிக் கட்டையில் உட்கார்ந்துதான் நாம் பேசினோம். நீ திட்டுவாய் என்று இருந்தேன். "எப்படிடி படிச்ச?" என்றாய்.

"நீ தொலச்ச நோட்டுல."

"பச்ச நோட்டா?" என்றாய். "கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே."

"கேக்கப் பிடிக்கல."

"ஏன் எங்கிட்ட மட்டும் மறச்ச?" என்று நான் கேட்டதற்கு நீ சொன்ன பதில் இன்னும் எனக்கு முழுதாகச் செரிக்கவில்லை. "ஆஸ்பத்திரியில எல்லாருக்கும் தெரியும். வர்றவங்க போறவங்க எல்லாம் கேஸைப் பாக்கற மாதிரியே என்னைப் பாக்கறாங்க. இங்க வந்தா நீ ஒருத்திதான் எங்கிட்ட வள்ளு வள்ளுன்னு விழுவ. அதுக்காகத்தான் வந்தேன்." அப்புறம் மெதுவாகச் சொன்னாய்: "அப்பா எங்கிட்டக் காட்டறது ரிப்போர்ட்ட மட்டும்தான்டி. வலிச்சா ஒன்னத்தான் கூப்புடறாரு. ஒரு தடவ நான் இருக்கையிலயே வாந்தி வந்துச்சு. நான் பக்கத்துல போனேன். கைய அசச்சு, பிலோவக் கூப்புடுன்னாரு."

எனக்கு அது ஞாபகமே இல்லை. நீ எத்தனை வருஷம் வைத்திருந்தாய் அதை? உனக்கும் பொறாமை என்று அறிந்ததும் எனக்கு ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. இதிலும் நீ என்னைவிட நல்லவளாக இருந்துவிட்டாயே என்றுதான் தோன்றியது. நீ பொறாமைப்பட்டும் என்னிடமிருந்து எதையும் எடுக்கவில்லை.

பதினைந்து நாள் என்று வந்தவள் நான்கு மாதம் இருந்தாய். தஞ்சாவூருக்குப் போய் ஊசி போட்டுக்கொள்வதும் திரும்பி வருவதுமாக. அப்பா முன்னால் நாம் இங்கிலீஷ் பேசினோம், நினைவிருக்கிறதா? "இன்னிக்கு மெலீனா இருக்குது" என்பாய். நான் தலையாட்டிக்கொண்டு வாளியைக் கொண்டுபோவேன். குமட்டினால், "நாசியா ஜாஸ்தியாக்கா?" என்பேன். வயிற்றில் நீர் கட்டியபோது, "அசைட்டிஸ்" என்று நீயே தொட்டுப் பார்த்துச் சொன்னாய், ராயப்பண்ணனுக்குச் சொன்ன அதே குரலில். இரண்டு பெண்களும் பேசுவதைக் கேட்டு அப்பா பெருமையாக உட்கார்ந்திருப்பார்.

கடைசியாக உன்னை உள்ளே சேர்த்த அன்று வந்த டாக்டருக்கு முப்பது வயதுகூட இருக்காது. மாமா சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். டாக்டர் பக்கத்திலிருந்த சிஸ்டரிடம் இங்கிலீஷில் வேகமாக என்னவோ சொன்னார். கட்டி பரவிவிட்டதா என்று அவர் பாஷையிலேயே கேட்டேன், "லிவருக்கு மெட்டாஸ்டாசிஸ் ஆயிருச்சா டாக்டர்?" அவர் என் கசங்கிய புடவையையும் வெடித்த காலையும் பார்த்துவிட்டு, "நீங்களும் ஸ்டாஃபா?" என்றார்.

நான் வாய் திறக்கும் முன்னால் நீ கண்ணைத் திறக்காமலேயே சொன்னாய். "என் தங்கச்சி. வெவசாயம் பாக்குது. இனிமே எதுன்னாலும் அவகிட்டயே சொல்லுங்க டாக்டர்."

அவர் என்னிடமே சொன்னார். அதற்கப்புறம் ஒன்பது நாள், காலையும் மாலையும். நான் புரிந்துகொண்டதை மாமாவுக்குத் தமிழில் சொன்னேன். பத்தாவது நாள் காலையில் சொல்ல ஒன்றும் இல்லாமல் போயிற்று. உன் கால் இரண்டும் என் மடியில் இருந்தன.

இனி இப்போதைய சேதி. மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள், நம் வாய்க்காலுக்கு இன்னும் வரவில்லை. போர்த் தண்ணீரில் நாற்று விட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது என் வாசலுக்கு ஆள் வருகிறார்கள், கையில் ரிப்போர்ட்டோடு. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், தெரியாததை டாக்டரிடம் கேட்கச் சொல்கிறேன். போகும்போது, "ஸ்டெல்லா இருந்தாப்ல இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். பாராட்டுகிறார்களாம்.

அப்பாவுக்கு ஒரு மாதமாகச் சோறு நெஞ்சிலேயே நிற்கிறது. முதலில் கட்டி ஆகாரம், இப்போது கஞ்சிகூட. எனக்கு அதன் பேர் தெரியும், உனக்கும் தெரியும். நேற்று தஞ்சாவூருக்கு அழைத்துப் போனேன். எண்டோஸ்கோப்பி எடுத்தார்கள், சதை கொஞ்சம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். திங்கட்கிழமை முடிவு வரும்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கண்டியூர் தாண்டியதும், வெளியே பார்த்தபடியே, "பெரியவளுக்கு வந்தது புண்ணு இல்லல்ல?" என்றார்.

இரண்டு வருஷமாக அவர் எல்லோரிடமும், புண்ணு முத்திப் போச்சு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். ஊரில் எவர் சொன்னதோ, அவரே யோசித்ததோ, தெரியவில்லை. இங்கிலீஷ் சொல் ஒன்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதைச் சொல்லியிருந்தால் அவர் தலையாட்டிவிட்டு இன்னும் பத்து வருஷம் அப்படியே இருந்திருப்பார். எனக்குச் சொல்ல மனம் வரவில்லை.

"இல்லப்பா. புத்துநோய். எரப்பையில."

"வலிச்சுச்சா அவளுக்கு?"

"வலிச்சுச்சுப்பா. கடைசியில ரொம்ப."

"எங்கிட்டச் சொல்லலியே."

"ஒங்களுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டீங்கன்னு நெனச்சோம்."

துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார் அக்கா. பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஸ்டெல்லா, ஸ்டெல்லா என்று உன் பேரைச் சொல்லிச் சொல்லி அழுதார். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்திலும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நான் போயிருந்தால் இந்த மனுஷர் பஸ்ஸில் இப்படி அழுவாரா என்று தோன்றியது. உன்னிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது? இந்தக் குணம் என்னோடுதான் போகும் போலிருக்கிறது.

திருவையாற்றில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தோம். பாலத்துக்குப் பக்கத்தில் மூச்சு வாங்க நின்றார். "நீ ஒண்ணு பண்ணு பிலோ" என்றார். "திங்கக்கிழம எனக்கு என்ன எழுதி வந்தாலும் தமிழ்லயே சொல்லிப்புடு. ரெண்டு பேருமாச் சேந்து என்னைச் சின்னப் புள்ளையாட்டம் வச்சிருந்தீங்க. இனிமே வேணாம்." சரிப்பா என்றேன்.

அவருக்குக் கொடுத்த வாக்கை உனக்கும் கொடுக்கிறேன். அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தாலும், படித்த உடனே அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, அவருக்குப் புரிகிற சொல்லில் சொல்வேன். நல்லதாக இருந்தாலும் அப்படித்தான், இல்லாவிட்டாலும் அப்படித்தான். அதைக் கேட்டுவிட்டு அவர் உன் பேரைச் சொல்லி அழுதாலும், நான் எழுந்து போக மாட்டேன்.

உன் கூடப்பிறந்த பொறாமைக்காரி,
பிலோமினா